காற்று அடங்கிய பிறகு: கார்ன்வால் கரையில் பாஸ் மீன் தேடுபவர் கடலைக் கணிக்கும் விதம்

சனிக்கிழமை மீன்பிடிக்கப் போகிறவர் சனிக்கிழமை வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. புதன்கிழமை காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, எத்தனை மணி நேரம் விடாமல் அடித்தது, எப்போது தணிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் இலையுதிர் காலத்தில் கரையிலிருந்து பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களின் பேச்சைக் கேட்டால் இது புரியும். அவர்கள் நாளைய மழையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். கடந்த மூன்று நாட்களில் கடல் என்ன பாடுபட்டது என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

இந்த பாஸ், ஐரோப்பியக் கடல்களிலும் வட ஆப்பிரிக்கக் கரையோரத்திலும் வாழும் வெள்ளி நிற மீன். நம் ஊர்ச் சந்தையில் ‘சீ பாஸ்’ என்று விற்கப்படும் கொடுவாயோடு பழக்கவழக்கத்தில் ஒற்றுமை உண்டு. கழிமுகத்திலும் கரையோரத்திலும் திரிந்து வேட்டையாடும். ஆனால் குடும்பம் வேறு, கடலும் வேறு. கோடை முழுதும் கரையோரம் மேய்ந்துவிட்டு, குளிர்காலத்தில் ஆங்கிலக் கால்வாயின் மேற்குப் பகுதிக்கும் கெல்டிக் கடலுக்கும் நகர்ந்து, பிப்ரவரி முதல் அங்கே முட்டையிடும். அந்தப் பயணத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு சேர்க்கும் பருவம்தான் செப்டம்பர் பிற்பாதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை. காற்று குளிர்ந்துவிட்டாலும் கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. கார்ன்வால் கரையில் நீர் அதிகம் சூடாக இருப்பது ஜூலையில் அல்ல, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான். அப்போது 16, 17 டிகிரி செல்சியஸ் இருக்கும். மார்ச்சில்தான் 9, 10 டிகிரிக்கு இறங்கும். ஆகவே அக்டோபரில் கம்பளிச் சட்டையோடு கரையில் நிற்பவருக்குக் குளிர்காலம் தொடங்கியிருக்கும், எதிரே நீந்தும் மீனுக்குக் கோடை இன்னும் முடிந்திருக்காது.

அதே அக்டோபரில்தான் அட்லாண்டிக்கில் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வருகின்றன. பசித்த மீனும் கலங்கிய கடலும் ஒரே மாதத்தில் சேர்வதால்தான் இந்தப் பருவத்துக்கு இவ்வளவு மதிப்பு.

கலங்கிய கடல் ஏன் நல்லது என்பதைக் கரையில் குனிந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பெரிய அலைகள் ஓய்ந்த மறுநாள், நீர் இறங்கிய வற்றத்தில் மணற்கரையோரம் நடந்தால், உடைந்த கத்திச்சிப்பிகள் குவியல் குவியலாகக் கிடக்கும். சிலவற்றில் சதை இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். மணலுக்குள் வளை தோண்டி வாழும் புழுக்கள், ஓட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்ற உடம்போடு பாறையிடுக்கில் பதுங்கியிருந்த நண்டுகள், மணலில் புதைந்து கிடக்கும் விரல்நீள ஈல் வடிவ மீன்கள் என்று, மற்ற நாட்களில் பாஸ் தேடித் திரிய வேண்டிய எல்லாவற்றையும் அலை ஒரே இரவில் தோண்டி வெளியே போட்டுவிடுகிறது. அப்போது பாஸ் முழங்கால் ஆழ நீருக்குள், நுரைக்கடியிலேயே வந்து மேயும். பழக்கமில்லாதவர்கள் நூறு மீட்டர் தள்ளி வீசுவார்கள். மீன் அவர்கள் காலடியில் இருக்கும்.

ஆனால் புயல் அடித்துக்கொண்டிருக்கும்போதே போனால் பயனில்லை. நீரில் மணலும் அறுந்த பாசியும் கலந்து குழம்பியிருக்கும், தூண்டில் நூலில் பாசி சுற்றிக்கொள்ளும், நிற்பதே ஆபத்து. வேண்டியது காற்று விழுந்து, அலை மட்டும் மிச்சமிருக்கும் நேரம். காற்றலையும் ஸ்வெல்லும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்தால்தான் இந்த நேரத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை குட்டையானது, நெருக்கமானது. காற்று நின்றால் சில மணி நேரத்தில் அதுவும் ஓய்ந்துவிடும். ஸ்வெல் அப்படியல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல் கடலுக்குக் கொடுத்த ஆற்றல், காற்றின் துணையில்லாமல் தானே நகர்ந்து வருவது அது. அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதுபோல, புயல் செத்த பிறகும் அதன் அலை உயிரோடிருக்கும். குமரிக் கரைக்கும் கேரளத்துக்கும் இது புதிதல்ல. கள்ளக்கடல் என்று அங்கே சொல்வது இதைத்தான். தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை, வானம் தெளிந்து காற்றில்லாமல் இருக்கும் நாளில் சொல்லாமல் வந்து ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துப்போனது அப்படிப்பட்ட கடல்தான்.

ஸ்வெல்லை அளக்க அலையின் உயரம் மட்டும் போதாது. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை வினாடி என்பதுதான் பாதிக் கதை. முன்னறிவிப்புப் பட்டியலில் ஒருநாள் ‘1.5 மீட்டர், 5 வினாடி’ என்றும் மற்றொரு நாள் ‘1.1 மீட்டர், 13 வினாடி’ என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல்நாள்தான் கடல் கொந்தளிப்பு அதிகம் என்று தோன்றும். கணக்கு நேர்மாறு. அலை சுமக்கும் ஆற்றல், உயரத்தின் வர்க்கத்தை வினாடியால் பெருக்கினால் வரும் அளவுக்கேற்ப இருக்கும். முதல் அலைக்கு அது 11 சொச்சம், இரண்டாவதற்கு 15-க்கும் மேல். உயரம் குறைந்த அலைதான் ஏறத்தாழ நாற்பது சதவீதம் அதிக ஆற்றலோடு வருகிறது. இன்னொன்றும் உண்டு. அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் நீரை அசைக்கும். 5 வினாடி அலையின் நீளம் 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 20 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அது எதையும் தொடாது. 13 வினாடி அலையின் நீளம் 260 மீட்டருக்கு மேல். அது 130 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கி, கரையை நெருங்க நெருங்க மணலை அடியிலிருந்து புரட்டிக்கொண்டு வரும். கத்திச்சிப்பியைத் தோண்டி எடுப்பது இந்த அலைதான். முன்னறிவிப்பைத் திறந்ததும் என் கண் முதலில் வினாடிக்குத்தான் போகும், உயரம் அதன் பிறகு.

இனி காற்றின் திசை. கார்ன்வால் ஒரு தீபகற்பம், அதுவே அங்கே மீன்பிடிப்பவரின் பெரிய செல்வம். வடகரை அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கிறது. தென்கரை ஆங்கிலக் கால்வாயைப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே பல இடங்களில் அரைமணி நேரக் கார்ப்பயணம்தான். காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வழக்கமான பாதையில், அயர்லாந்துக்கு மேலாகக் கடந்துபோகும்போது காற்று எப்படித் திரும்பும் என்பது ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். முதலில் தென்கிழக்கும் தெற்கும். வெதுவெதுப்பான காற்றின் முன்விளிம்பான வெப்ப வளிமுகம் கடந்ததும் ஈரமான தென்மேற்கு, தூறல், மூடிய வானம். குளிர் வளிமுகம் கடந்த நொடியில் மழை வெட்டினாற்போல் நின்று, வானம் திறந்து, காற்று வடமேற்குக்குத் தாவும். வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு காற்று.

இந்தத் தாவலில்தான் வாய்ப்பு இருக்கிறது. தென்கரையில் பென்சான்ஸ் நகரையும் நியூலின் துறைமுகத்தையும் மடியில் வைத்திருக்கும் மவுண்ட்ஸ் விரிகுடாவைப் பாருங்கள். அதன் கிழக்குக் கரையிலுள்ள பிரா சாண்ட்ஸ், போர்த்லெவன், லோ பார் எல்லாம் தென்மேற்கைப் பார்த்தவை. தென்மேற்குக் காற்று அடிக்கும்வரை அங்கே நிற்க முடியாது. காற்று வடமேற்குக்குத் திரும்பியதும் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மேற்பரப்பின் குட்டையலைகளைத் தட்டி அமுக்கிவிடும். ஆனால் முந்தைய நாட்களில் கிளம்பிய தென்மேற்கு ஸ்வெல் வந்துகொண்டே இருக்கும். ஒழுங்கான, இடைவெளி விட்ட அலை, முகட்டில் மட்டும் வெள்ளை, நடுவே நீர் மெல்லத் தெளிந்துவரும். அதே மணிநேரத்தில் வடகரையில் கடல் கரையை முட்டி மோதிக்கொண்டிருக்கும். தாழ்வு கடந்த முதல் நாள் மாலையா, இரண்டாம் நாள் விடியலா என்பதில்தான் கருத்து வேறுபாடு. மணற்கரையில் புழுவும் மீன்துண்டும் இரையாகப் போடுபவர்களுக்கு முதல் நாளே சரி. கலங்கிய நீரிலும் பாஸ் வாசனையைப் பிடித்து வரும். பாறைகளிலிருந்து செயற்கை இரை வீசுபவர்களுக்கு மீனின் கண்ணுக்கு இரை தெரிய வேண்டும், அவர்கள் ஒருநாள் பொறுப்பதே நல்லது.

கிழக்குக் காற்றைப் பற்றி அங்கே நல்லபடியாகச் சொல்பவர்கள் குறைவு. பெரிய உயரழுத்தம் வடக்கே உட்கார்ந்துகொண்டால் நாள் கணக்கில் உலர்ந்த கிழக்குக் காற்று வீசும். அட்லாண்டிக் தாழ்வுகள் ஒதுங்கிப்போகும். ஸ்வெல் செத்து, மேற்குப் பார்த்த கரைகளில் நீர் கண்ணாடியாகிவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் மணற்கரையை விட்டுவிட்டு, கால்வாய்ப் பக்கம் கிழக்கைப் பார்த்த கரைகளையும் கழிமுகங்களையும் இருட்டில் தேடுவதுதான் வழி.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லும் கருவிகள் இன்று கைப்பேசியிலேயே இருக்கின்றன. ஆனால் இந்தக் கலை முழுவதற்கும் வேர் ஓர் இலையுதிர்காலப் புயல். 1859 அக்டோபர் 26 அன்று ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சீ கரையில் மோதி 450 பேரளவில் இறந்தார்கள். முன்பு டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அப்போது பிரிட்டனின் வானிலைத் துறையை நடத்திவந்தார். அந்த விபத்துக்குப் பிறகு தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை அவர் 1861-இல் தொடங்கினார். இன்றும் பிபிசி வானொலியில் கப்பல்களுக்கான முன்னறிவிப்பு வாசிக்கப்படுகிறது. கடல் பகுதிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். 2002 முதல் அதில் ஒரு பகுதியின் பெயர் ஃபிட்ஸ்ராய். கார்ன்வால்காரர் காது கொடுப்பது பிளிமத், லண்டி, ஃபாஸ்ட்நெட், சோல் ஆகியவற்றுக்கு. அதில் வரும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. புயல்காற்று ‘உடனே’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள். ‘விரைவில்’ என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு. ‘பிறகு’ என்றால் பன்னிரண்டைத் தாண்டி. கடல் ‘மிதம்’ என்றால் 1.25 முதல் 2.5 மீட்டர் வரை. கப்பலுக்கு மிதமானது, பாறை நுனியில் கோலோடு நிற்கும் ஒற்றை மனிதனுக்கு மிதமானது அல்ல. இதை வாசிக்கும்போதெல்லாம் நினைவில் வைக்க வேண்டும்.

கணினி மாதிரிகள் பத்து நாள் வரை படம் வரைந்து காட்டும். ஐந்து நாளுக்கு மேற்பட்டதை நம்பி விடுப்பு எழுதித்தர வேண்டாம். அமெரிக்க மாதிரியும் ஐரோப்பிய மாதிரியும் ஒரே தாழ்வை ஒரே இடத்தில் காட்டினால் நம்பலாம். இரண்டும் நானூறு கிலோமீட்டர் விலகி நின்றால் பொறுத்திருக்கலாம். கடைசி ஒரு நாளில் மாதிரிகளைவிட மிதவைகளே மேல். அவை கணிப்பதில்லை, அளந்து சொல்கின்றன. கார்ன்வாலுக்கு மேற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் கே1 என்ற வானிலை மிதவை மிதக்கிறது. 13 வினாடி ஸ்வெல்லின் ஆற்றல் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே அந்த மிதவையில் இன்று காலை உயர்ந்த அலை இன்று இரவு மவுண்ட்ஸ் விரிகுடாவுக்கு வரும். லேண்ட்ஸ் எண்டுக்கும் சில்லி தீவுகளுக்கும் நடுவே செவன்ஸ்டோன்ஸ் பாறைத்திட்டை ஒட்டி நங்கூரமிட்டிருக்கும் விளக்குக்கப்பலும் அலையை அளந்து அனுப்புகிறது. 1967-இல் டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் மோதியது இந்தத் திட்டில்தான். அந்தக் கப்பலில் அலை கூடத் தொடங்கிவிட்டது என்றால் கரையில் இருப்பவருக்கு மிச்சம் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

அலையும் காற்றும் கூடிவந்தாலும் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும், ஒத்துழைக்க வேண்டும். நியூலினில் பெருவோதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 5 மீட்டரை நெருங்கும். சிற்றோதத்தில் அதில் பாதிதான். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த ஓரிரு நாளில், பிரதமை, துவிதியை வாக்கில் பெருவோதம். அஷ்டமி, நவமி தாண்டினால் சிற்றோதம். நாட்காட்டியில் திதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிது. இதில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. ஒரு துறைமுகத்தில் பெருவோத நாட்களின் உயர்நீர் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். நியூலினில் அது காலையும் மாலையும் கிரீன்விச் நேரப்படி ஐந்து, ஐந்தரை மணியளவில். அக்டோபர் கடைசியில் அங்கே சூரியன் மறைவதும் கிரீன்விச் நேரம் ஐந்து மணிக்குத்தான். அதாவது, நீர் நிறைவதும் வெளிச்சம் போவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பாஸ் துணிந்து கரையேறும் இரண்டு காரணங்கள் அந்த அந்தியில் சேர்ந்துகொள்கின்றன. அச்சிட்ட ஓத அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

அட்டவணை சொல்லும் உயரத்தைக் காற்றழுத்தமும் மாற்றும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறும். 2023 நவம்பர் 2 அன்று கியாரன் புயலின்போது பிளிமத்தில் 953.3 ஹெக்டோபாஸ்கல் பதிவானது; இங்கிலாந்தில் நவம்பரில் அதுவரை கண்டிராத குறைவு. சராசரி 1013 என்று வைத்தால் அழுத்தம் மட்டுமே 60 சென்டிமீட்டர் நீரை உயர்த்தியிருக்கும். காற்று தள்ளிக்கொண்டு வந்தது அதற்கு மேல். வற்றத்தில் நடந்துபோய் ஏறிய பாறை, திரும்பி வரும்போது தீவாகிப்போவது இப்படித்தான்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இலையுதிர்காலப் புயல் பாறைகளிலிருந்து அறுத்தெறியும் கெல்ப் பாசியைப் பெருவோதம் கரையின் உச்சியில் கொண்டுபோய்க் குவித்துவிட்டுப் பின்வாங்கும். சிற்றோத நாட்களில் அலை அவ்வளவு தூரம் எட்டாது. குவியல் அங்கேயே கிடந்து அழுகிச் சூடேறும். பாசி ஈ வந்து முட்டையிடும். கையால் ஒரு கொத்தைப் புரட்டினால் கீழே வெள்ளைப் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளியும், கூடவே ஆவியும் நாற்றமும் எழும். அடுத்த பெருவோதம் குவியலை எட்டி உடைத்ததும் அத்தனை புழுக்களும் நீருக்குள் கொட்டும். மடவை முதலில் வரும், பின்னாலேயே பாஸ். அரிசி அளவுள்ள அந்தப் புழுவை உறிஞ்சிக்கொண்டு, முதுகுத்துடுப்பு வெளியே தெரியும்படி, கணுக்கால் ஆழத்தில் பெரிய மீன்கள் திரியும். அந்த இரவில் கடல் தட்டையாக இருந்தாலும் கவலையில்லை. ஏனென்றால் அன்று மீனைக் கொண்டுவந்தது அன்றைய வானிலை அல்ல. வாரங்களுக்கு முன் அடித்த புயலும் அதற்குப் பின் வந்துபோன ஓதங்களும்தான்.

பெருமழையும் கணக்கில் வரும். ஆறு கொண்டுவரும் நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர்மேல் மிதக்கும். மேலே தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். ஓரிரு மீட்டர் கீழே நீர் தெளிவாக இருக்கலாம். தரையில் கிடக்கும் இரைக்கு அங்கே இன்னும் வேலை உண்டு.

ஆபத்தைப் பற்றிப் பட்டும்படாமல் சொல்லிவிட்டுப் போக முடியாது. மீன் கிடைக்கும் கடலும் ஆளைக் கொல்லும் கடலும் இந்தப் பருவத்தில் ஒன்றேதான். மேலே சொன்ன லோ பார், கூழாங்கற்கள் சரிந்து செங்குத்தாக இறங்கும் கரை. 1807 டிசம்பரில் ‘ஆன்சன்’ போர்க்கப்பல் அங்கே தரைதட்டியபோது, கரையில் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே பலர் சில பத்து மீட்டர் தொலைவில் மூழ்கினார்கள். அதைப் பார்த்த ஹெல்ஸ்டன் ஊர்க்காரர் ஹென்றி ட்ரெங்ரூஸ் அதன் பிறகு தம் வாழ்நாளையும் கைப்பணத்தையும் செலவழித்து, கப்பலுக்குக் கயிறு எறியும் ராக்கெட் கருவியை உருவாக்கினார். அந்தக் கரையின் சரிவு இன்றும் மாறவில்லை.

முன்னறிவிப்பில் காணும் அலையுயரம் உச்சம் அல்ல, பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால் அந்த ஏற்றத்துக்குள் மூன்று மீட்டரை நெருங்கும் அலை ஒன்று வரத்தான் செய்யும். நீண்ட இடைவெளி ஸ்வெல் தொகுதி தொகுதியாக வரும். நடுவே பத்து நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும். எனவே பாறையில் இறங்குமுன் உயரத்தில் நின்று குறைந்தது இருபது நிமிடம் பார்க்க வேண்டும். எந்தக் கல் நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே கடைசிப் பெரிய அலை எங்கே வரை வந்தது என்று தெரிந்துவிடும். உயிர்காப்புச் சட்டை இல்லாமல், தனியாக, இருட்டில், வடகரைப் பாறைகளுக்குப் போகக் கூடாது. எவ்வளவு நல்ல மீனானாலும் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

பாஸ் மெதுவாக வளரும் மீன். சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய 42 சென்டிமீட்டரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். பெண் மீன்கள் முதன்முதலாக முட்டையிடும் அளவும் ஏறத்தாழ அதுதான். 2015 வரை இந்த வரம்பு 36 சென்டிமீட்டராக இருந்தது. மீன்வளம் வேகமாகச் சரிந்ததால் அந்த ஆண்டு முட்டையிடும் பருவத்தில் இழுவலைக்குத் தடை வந்தது, அளவும் உயர்த்தப்பட்டது. 2024-இல் தூண்டில்காரருக்கு நாளொன்றுக்கு இரண்டு மீன் அனுமதி இருந்தது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிடித்தால் விட்டுவிட வேண்டியிருந்தது. விதி ஆண்டுக்காண்டு மாறுவதால் போகும் முன் பார்த்துக்கொள்வது அவசியம். கடுங்குளிரில் கழிமுகத்துக் குஞ்சுகள் பெருமளவு மடியும். கடல் இதமாக இருந்த ஆண்டில் பிறந்தவை கூட்டமாகத் தப்பிப் பிழைக்கும். 1989-இல் பிறந்த தலைமுறை அப்படித் தப்பியது; பிறகு பல ஆண்டுகள் இங்கிலாந்தின் தெற்கிலும் மேற்கிலும் பிடிபட்ட மீன்களில் பெரும்பங்கு அந்த ஓராண்டுப் பிள்ளைகள்தான். அக்டோபர் அந்தியில் கரைக்கு வரும் ஐந்து கிலோ பெண் மீன், வயிற்றில் அடுத்த தலைமுறையைச் சுமக்கத் தயாராகிக்கொண்டிருப்பது. அதை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, அடுத்த அலை திரும்பும்வரை தலையைக் கடல் பக்கம் பிடித்திருந்து விட்டுவிடுகிறவர்கள் கார்ன்வாலில் இன்று நிறையப் பேர்.